மாட்டேனுங்க

கோயமுத்தூர்,
8-7-1934

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நஞ்சப்பன் வணங்கி எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீங்களும் சின்னான் மச்சானும் குழந்தை ராசாத்தாளும் அங்கே சுகமாக இருக்க மாரியாத்தா துணை செய்யட்டும். ஆடி பிறக்கும் முன்பே காற்று ஆரம்பித்துவிட்டது. தெருப் புழுதியெல்லாம் அச்சகத்துக்குள் வந்து மையில் ஒட்டுகிறது. அச்சக முதலாளி நரசிம்மலு நாயுடு கதவைச் சாத்திவைக்கச் சொல்கிறார். சாத்தினால் வேகிறது.

ஒரு காரியமாக எழுதுகிறேன். அச்சகத்தின் பின்கட்டில் பழைய கை அச்சு ஒன்று சும்மா கிடக்கிறது. கல்யாணப் பத்திரிகையும் மில் கணக்குத் தாளும் அடிக்கப் புது யந்திரம் வந்த பிறகு அதைத் தொடுவாரில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வைத்து நான் விரும்பியதை அடித்துக்கொள்ளலாம் என்று நாயுடு அனுமதி கொடுத்திருக்கிறார். என்ன அடிக்கப் போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "என்னமோ பண்ணு. என்ற தலையில கையெ வெச்சுப்போடாதே" என்றார்.

சுவரில் ஒட்டுகிற அளவில் பெரிய தாள் ஒன்று. அதில் நம்மைப் போன்ற சனங்கள், தங்களை மிதித்தவர்களுக்கு நேராக நின்று சொன்ன வார்த்தைகள் மட்டும் இருக்கும். ராஜாக்களும் பாளையக்காரர்களும் சொன்னதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நம் ஆட்கள் சொன்னது எதிலும் இல்லை. கும்பினிக் காலத்தில் வரிக்காகத் தறியைத் தூக்க வந்த சேவகனிடம் பவானிப் பக்கத்து நெசவாளி ஒருவர், "தறியெக் கொண்டுபோங்க. கையெ என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாராம். அவருடைய வம்சத்து ஆள் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார், அவர் சொன்னது. மலைத் தோட்டத்தில் அடிபட்ட ஒரு பெண், "அடிச்சவிய அடிச்சேன்னு ஒத்துக்கட்டுமுங்க, பொறவு கொழுந்து கிள்ளறேன்" என்று கூடையைக் கீழே வைத்தாளாம். இப்படிக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வருகிறேன்.

உங்கள் மாமியார் மாசாணியம்மாள் பஞ்சத்தின்போது பண்ணையில் ஏதோ சொன்னதாகச் சின்ன வயதில் காதில் விழுந்திருக்கிறது. என்ன நடந்தது, என்ன சொன்னார் என்று அதே வார்த்தையில் எழுதி அனுப்புங்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்துவிட்டு வந்து எனக்கு மணலில் எழுத்துப் போட்டுக் காட்டியவர் நீங்கள். உங்களை விட்டால் இதை எழுத யார் இருக்கிறார்கள்?

மச்சானைக் கேட்டதாகச் சொல்லுங்கள். ராசாத்தாள் வழக்கம்போல் அடியில் ஒரு வரி எழுதவேண்டும்.

தங்கள் தம்பி,
நஞ்சப்பன்

---

ஆலாம்பள்ளம்,
கோபிசெட்டிபாளையம் தாலுகா,
29-7-1934

தம்பி நஞ்சப்பனுக்கு அக்கா பொன்னாத்தாள் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தைச் சென்னிமலை வாத்தியார் கொடுத்தார். தபால்காரர் நம் சனம் குடியிருக்கும் வளவுக்குள் வருவதில்லை என்பதால் நமக்கு வருவதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டுப் போகிறார். நீ புழுதியில் வேலை செய்கிறாய், மோர் குடி. இருமல் வந்தால் ஒளிக்காமல் எழுது.

அத்தை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைச் சொன்னாள். கம்பு குத்திக்கொண்டிருந்தோம்.

தாது வருஷம் மழை பொய்த்துக் கிணறெல்லாம் வறண்டுவிட்டது. மாமனார் பண்ணையாளாக இருந்த வீட்டில் மட்டும் குதிரில் கம்பு இருந்தது. அத்தைக்கு அப்போது தலைப்பிள்ளை நடை பழகியிருந்தான். இப்போதைய பண்ணாடிக்குப் பாட்டனார்தான் அப்போது பண்ணையை ஆண்டவர். அவர் இவர்கள் இருவரையும் வாசலுக்குக் கூப்பிட்டு, "ஒரு வள்ளம் கம்பு தாரேன். பையனைப் பண்ணைக்கு எழுதிக் குடுத்துரு. ஆயுசுக்கும் இங்கயே கெடக்கட்டும்" என்றாராம். மாமனார் கும்பிட்டபடி நின்றாராம். அத்தையும் கும்பிட்டுத்தான் நின்றாள். கும்பிட்ட கையை இறக்காமலே, "என்ற புள்ளையெ எழுதிக் குடுக்க மாட்டேனுங்க சாமி" என்றாளாம்.

"செத்துப்போவானே!" என்றாராம் அவர்.

"செத்தா என்ற புள்ளையாச் சாவானுங்க."

பிள்ளை பிழைக்கவில்லை, தம்பி. மழை வருவதற்கு முன்பே போய்விட்டான். அத்தை இதைச் சொல்லும்போது அழவில்லை. செய்தது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. உலக்கையை எடுத்து மறுபடி குத்த ஆரம்பித்துவிட்டாள். வெகு காலம் கழித்து உன் மச்சான் பிறந்தார். அத்தை காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த சமயம் பார்த்து மாமனார் அவரை எழுதிக் கொடுத்துவிட்டார். அது உனக்குத் தெரிந்ததுதான்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அதெல்லாம் எதுக்கு அம்மணி இப்ப? செத்தவிய பேச்செ எடுத்து என்னத்துக்கு ஆவுது?" என்றார். நான் எழுதத்தான் போகிறேன் என்றேன். எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
பொன்னாத்தாள்

மாமா, நான் மூன்றாம் வகுப்பில் முதல் பிள்ளை. எனக்குப் படம் போட்ட புஸ்தகம் வேண்டும். ராசாத்தாள்.

---

கோயமுத்தூர்,
19-8-1934

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

இருமல் எதுவும் இல்லை, கவலைப்படவேண்டாம். மச்சான் என்மேல் வருத்தமாக இருக்கிறாரா? இருந்தால் நான் சமாதானம் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு என்னால் வேலை செய்ய முடியவில்லை. நாயுடுவுக்கு வாசித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அத்தை சொன்னதைத்தான் தாளின் நடுவில் பெரிய மர எழுத்தில் போடப்போகிறேன். மற்றவை சுற்றிலும் சிறிய எழுத்தில் வரும். மர எழுத்துப் பெட்டியில் 'ங்' இல்லை. பாலைமரக் கட்டை வாங்கி நானே செதுக்குகிறேன். கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றிச் செதுக்கவேண்டும். ஒன்றிரண்டு கட்டைகள் பாழாகிவிட்டன.

நாயுடு, "அந்த 'ங்க'வெ எடுத்துப்போடு. 'மாட்டேன்'னு மட்டும் போட்டா வீரமா இருக்குமப்பா" என்கிறார். எனக்கும் அந்தச் சபலம் உண்டு. கும்பிட்ட கையோடு சொன்னதை அப்படியே போட்டால் பயந்து சொன்னதுபோல் ஆகிவிடுமோ?

இன்னொன்று, பெயரும் ஊரும். மற்றவர்களுக்கு ஊர் பெயர் சரியாகத் தெரியாததால் போடவில்லை. அத்தைக்குப் போடலாம். பண்ணையின் பெயரை நான் போடமாட்டேன். ஆனாலும் ஆலாம்பள்ளம் என்று பார்த்தால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்த ஊரில் காலம் தள்ளவேண்டியவர்கள் நீங்கள். வேண்டாமென்று ஒரு வார்த்தை எழுதினால் விட்டுவிடுகிறேன். மச்சானையும் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

ராசாத்தாளுக்குப் புத்தகம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் தம்பி,
நஞ்சப்பன்

---

ஆலாம்பள்ளம்,
9-9-1934

தம்பிக்கு ஆசீர்வாதம்.

சுகம். இங்கே நல்ல மழை. வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு நடக்கிறது. இடுப்பு நிமிர்த்த நேரமில்லை, அதனால்தான் தாமதம்.

'ங்க'வை எடுக்காதே. தூரத்தில் நிற்கிறவன் மாட்டேன் என்று கத்திவிட்டு ஓடிவிடலாம். அத்தை அவர் வாசலிலேயே நின்றாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கேட்டதை மட்டும் கொடுக்கவில்லை. அதில் பாதியை வெட்டினால் அது அவள் சொன்ன சொல் ஆகாது.

பெயரைப் போடு. ஊரையும் போடு. பெயரில்லாவிட்டால் அப்படி ஒருத்தி இருந்தாள் என்று யார் நம்புவார்கள்? உன் மச்சானை நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். அவர் சுபாவம் உனக்குத் தெரியும்.

போன வாரம் பண்ணாடிச்சி என்னைக் கூப்பிட்டு, "ராசாத்தாள் வளந்துட்டாளே. கட்டுத்தரைக்கு அனுப்பிச்சு வெய்யி. சாணி வளிச்சுப்போட்டு மாடு கன்னப் பாத்துக்கிட்டு இங்கயே கெடக்கட்டும், சோறு போடறேன்" என்றார்.

"பள்ளிக்கொடம் போறாளுங்க" என்றேன்.

"போயி? தாசில் பண்ணப்போறாளாக்கும்!" என்று சிரித்தார். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டார். என்னிடம் அந்த வார்த்தை எப்படி வந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். உன் தாளைப் பற்றி நினைத்துக்கொண்டே இருந்ததால் வந்திருக்கும்.

தலைக்கு எண்ணெய் வை. கண்ணுக்கு நல்லது.

அக்கா

மாமா, பள்ளிக்கூடம் ஒழுகுகிறது. நான் நனையாத இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ராசாத்தாள்.

---

கோயமுத்தூர்,
14-10-1934

அன்புள்ள அக்காவுக்கு வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

தாள் முடிந்துவிட்டது!

நடுவில் 'மாட்டேனுங்க' என்று சிவப்பில் விழுந்திருக்கிறது. அடியில் கறுப்பில் 'மாசாணியம்மாள், ஆலாம்பள்ளம், தாது வருஷம்'. நான் செதுக்கிய 'ங்' கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நாயுடு அதைச் சீவிச் சரிசெய்யச் சொன்னார், பிறகு அவரே வேண்டாம், இருக்கட்டும் என்றுவிட்டார். ஒவ்வொரு தாளாக மை தடவி, தாளைப் போட்டு, கைப்பிடியை இழுத்து எடுத்தேன். தோள்பட்டை இறங்கிவிட்டது. ஈரம் காயக் கொடியில் மாட்டியிருந்ததை வெளியிலிருந்து பார்த்த மில் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். படிக்கத் தெரிந்த ஒருவன் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு வயதான ஆள், "இந்தம்மா யாருங்க?" என்று கேட்டார். எங்கள் அக்காவின் மாமியார் என்றேன். என்னைக் கும்பிட்டார் அக்கா.

தொழிலாளர் சங்கத்து ஆட்கள் சிலவற்றை வாங்கிப்போய் மில் வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு ஒன்றும், சென்னிமலை வாத்தியாருக்கு ஒன்றும் இத்துடன் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். உள்ளே ராசாத்தாளுக்குப் படப் புத்தகம் இருக்கிறது.

தங்கள் தம்பி,
நஞ்சப்பன்

---

ஆலாம்பள்ளம்,
4-11-1934

தம்பி நஞ்சப்பனுக்கு,

சுகம், சுகத்துக்கு எழுது. தாள் வந்து சேர்ந்தது. நான் அதைக் கீழே விரித்து வைத்துவிட்டு வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உன் மச்சான் வேலை முடிந்து வந்து, "எங்காத்தா பேரு எது?" என்று கேட்டார். காட்டினேன். ஒவ்வொரு எழுத்தின்மேலும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "இதெப் பள்ளிக்கொடத்துல மாட்டவேண்டாமுன்னு வாத்தியார்கிட்டச் சொல்லிப்போடு" என்றார். வாத்தியார் அதற்குள் மாட்டிவிட்டார்.

அக்கா

மாமா, பாட்டி பேரை நானே வாசித்தேன். புஸ்தகத்தில் யானைப் படம் நன்றாக இருக்கிறது. ராசாத்தாள்.

---

கோயமுத்தூர்,
16-12-1934

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானா? கார்த்திகைக்கு முன்னும் பின்னும் இரண்டு கடிதம் எழுதினேன். பதில் காணோம். நடவு முடிந்திருக்கும், இப்போது அவ்வளவு வேலை இருக்காதே என்று நினைத்து மனம் அலைகிறது. யாருக்காவது உடம்பு சரியில்லையா?

இங்கேயும் சமாசாரம் நன்றாக இல்லை. மில் வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்து போலீஸ்காரர்கள் அச்சகத்துக்கு வந்தார்கள். யார் அடித்தது, யார் அடிக்கச் சொன்னது என்று கேட்டு, மிச்சமிருந்த தாள்களை எடுத்துப்போய்விட்டார்கள். அச்சகத்துக்கு ஜாமீன் கட்டச் சொன்னால் பூட்டிவிட வேண்டியதுதான் என்று நாயுடு பயப்படுகிறார். அவர் கண்முன்னாலேயே எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போடச் சொன்னார். போட்டேன். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையை விட்டு நிறுத்தாமல் இருக்கிறாரே.

உங்களிடம் ஒன்று இருக்கிறது, அது போதும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன். பொங்கலுக்கு வரட்டுமா?

தங்கள் தம்பி,
நஞ்சப்பன்

---

ஆலாம்பள்ளம்,
10-1-1935

தம்பிக்கு,

இங்கு யாவரும் க்ஷேமம். பண்ணாடி புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை. நீ பொங்கலுக்கு வரவேண்டாம். வேலை அதிகம்.

அந்த மாதிரித் தாள்களை இனி அனுப்பவேண்டாம். என் மாமியார் அப்படிச் சொன்னதாக நான் எழுதியது தவறு. எனக்குச் சரியாக நினைவில்லாமல் எழுதிவிட்டேன்.

பொன்னாத்தாள்

---

கோயமுத்தூர்,
27-1-1935

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்து உங்களுடையது. வார்த்தை உங்களுடையதல்ல. 'க்ஷேமம்' என்று நீங்கள் எப்போது எழுதியிருக்கிறீர்கள்? ராசாத்தாள் ஏன் எழுதவில்லை? மச்சானைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே.

என்ன நடந்திருந்தாலும் எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள். மதுக்கரையில் சிமெண்டு ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சுண்ணாம்புக் கல் உடைக்கிற வேலை கடினம்தான். ஆனால் வேலை முடிந்தால் நம் வீடு நமக்கு. மச்சானுக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். ராசாத்தாள் படிக்க இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது. பதில் வராவிட்டால் மாசி கழிந்ததும் நானே புறப்பட்டு வருகிறேன்.

தங்கள் தம்பி,
நஞ்சப்பன்

---

ஆலாம்பள்ளம்,
10-3-1935

என் தம்பி நஞ்சப்பனுக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும். இந்தக் கடிதம் சென்னிமலை வாத்தியார் மூலம் வருகிறது. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். அவர் ஊரை விட்டுப் போகிறார், ஈரோட்டில் தபாலில் போடுவதாகச் சொன்னார். அதனால் மனதில் உள்ளதை எழுத முடிகிறது. கார்த்திகையிலிருந்து நம் தபால் பண்ணாடி வீட்டில்தான் இறங்குகிறது. மார்கழி மாதக் கடிதம் பண்ணை கணக்குப்பிள்ளை சொல்லச் சொல்ல நான் எழுதியது.

தாளைப் பண்ணாடியின் மருமகன் பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டார். மறுநாள் வளவு முழுவதையும் பண்ணை வாசலுக்கு வரச்சொன்னார்கள். உன் மச்சானை முன்னால் நிறுத்தி, "உன்ற ஆத்தா எங்க பாட்டனுக்கு முன்னால இப்படிச் சொன்னாளாடா?" என்று பண்ணாடி கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "இல்லீங்க சாமி" என்றார். "சத்தமாச் சொல்லு" என்றார்கள். "எங்காத்தா அப்படிச் சொல்லவே இல்லீங்க. அவ அப்படிப்பட்டவ இல்லீங்க" என்றார். தாளை அவர் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொன்னார்கள். எழுத்துத் தெரியாத மனுஷன், ஆனால் தாயின் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தைக் கடைசியாகக் கிழித்தார். நம் வீட்டில் இருந்ததையும் கொண்டுவந்து அடுப்பில் போடச் சொன்னார்கள்.

அதன் பிறகு ராசாத்தாளைக் கேட்டார்கள். மாட்டேன் என்று சொன்னவள் பேத்தி கட்டுத்தரையில் கிடந்தால்தான் அவர்களுக்கு மனம் ஆறும். நான் அனுப்பவில்லை. உன் மச்சானை வேலைக்கு வராதே என்றார்கள். நான் அனுப்பவில்லை. பிறகு வளவில் ஒருவரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தோட்டத்துக் கிணற்றில் இறைத்து நம் குடங்களில் ஊற்றிவிடுகிற தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள். வாய்க்கால் சேற்றைத் தெளியவைத்துக் குடித்தோம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது.

ஒரு நாள் வளவுப் பெண்கள் எல்லோரும் என் வாசலுக்கு வந்தார்கள். சண்டை போட வரவில்லை. எதிர்வீட்டுக்காரி தன் கைக்குழந்தையை என் மடியில் வைத்தாள். அதன் கண் உள்ளே போயிருந்தது. "ஏன் அம்மணி, உன்ற புள்ளை படிக்கோணும். என்ற புள்ளை உசுரோட இருக்கோணுமல்ல?" என்றாள். அத்தை சொன்னபோது அவள் பிள்ளைதான் பட்டினி கிடந்தான். நான் சொன்னதற்கு ஊரார் பிள்ளைகள் கிடந்தார்கள். எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் ராசாத்தாளுக்குத் தலை வாரிவிட்டு நானே கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். உன் மச்சான் வரவில்லை. அன்றைக்கே கிணற்றடியில் வளவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எதிர்வீட்டுக் குழந்தை பிழைத்துக்கொண்டது.

உன் மச்சான் வேலைக்குப் போகிறார், வருகிறார். என்னோடு பேசுவதில்லை. எவரோடும் பேசுவதில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறார்.

மதுக்கரைக்கு வர முடியாது. நாங்கள் போய்விட்டால் மறுபடி வளவுக்குக் கிணறு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நீயும் வராதே. வந்தால் அடிப்பார்கள். உனக்காக வளவில் ஒருவரும் வெளியே வரமாட்டார்கள், அவர்கள்மேல் குற்றம் இல்லை. தாளை அடித்ததற்காக நீ உன்னையே நொந்துகொள்ளாதே. போடச் சொன்னவள் நான். இனிமேல் கடிதமும் எழுதாதே. எழுதினால் அங்கேதான் பிரிப்பார்கள்.

ராசாத்தாள் இராத்தங்கலும் அங்கேதான். போன வெள்ளிக்கிழமை புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு அந்த வழியாகப் போனேன். கட்டுத்தரையில் குனிந்து சாணி வழித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அம்மா என்று கூப்பிடுவாள் என்று நின்றேன். திரும்பக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து, பண்ணாடிச்சி பக்கத்தில் நின்றதால் பயந்துகொண்டு கூப்பிடவில்லை என்று உன் மச்சானிடம் சொன்னேன்.

பண்ணாடிச்சி அன்றைக்கு ஊரிலேயே இல்லை, கண்ணு. சத்தியமங்கலம் போயிருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
பொன்னாத்தாள்